திரையில் மாறியது, மடையில் மாறவில்லை

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. காலை ஏழரை மணிக்கு வேலுச்சாமி அண்ணன் எங்கள் வீட்டு கேட்டில் நின்றார். வயலிலிருந்து நேராக வந்திருக்கிறார். கால் முழுக்கச் சேறு.

"ஏனுங்க டீச்சர், முறையை மாத்திட்டேன்னு சொன்னீங்களே? தண்ணி தேவகி வயலுக்குத்தானுங்க போகுது!"

சித்தூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில் முப்பது விவசாயிகள் ஒரே வாய்க்காலில் தண்ணீர் வாங்குகிறார்கள். யாருக்கு எந்த நாள் என்ற முறைப் பட்டியலுக்கு ஒரு சின்ன ஆப் எழுதிக் கொடுத்தவள் நான். கல்லூரியில் பதினைந்து வருடமாக புரோகிராமிங் நடத்துகிறவள்... எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

செவ்வாய்க்கிழமையே அண்ணன் கேட்டிருந்தார். நெல் கதிர் விடும் நேரம். அவருடைய சனிக்கிழமை முறை வரை வயல் தாங்காது. பக்கத்து வயல் தேவகி அக்கா தன் வியாழக்கிழமையை விட்டுக்கொடுத்தார். நான் ஆப்பில் இருவரையும் மாற்றிப் போட்டேன். 'மாற்றப்பட்டது' என்றது திரை.

"இருக்காதுங்ண்ணா. மடை திறக்கிறவர் பழைய லிஸ்ட்டைப் பார்த்திருப்பார்" என்றேன். பாருங்கள், பழி முதலில் அடுத்தவர் தலையில்!

ஸ்கூட்டரில் போனோம். மடை திறக்கும் கிருஷ்ணன் போனை நீட்டினார். அன்று காலை ஆப் அனுப்பிய பட்டியல். வியாழன் — தேவகி.

வரப்பிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். ஐந்து நிமிடத்தில் பிடித்துவிட்டேன்.

ஒவ்வொருவர் முறையையும் ஒரு 'வேல்யூ டைப்'பாக எழுதியிருந்தேன். அதன் குணம் எளிது. உருவாக்கும்போது நாம் எதையும் நிரப்பாவிட்டால் பூஜ்யங்களோடு பிறக்கும். இன்னொரு பெயரில் எடுத்து வைத்தால் முழுசாக நகலாகும். அதன்பின் நகல் வேறு, மூலம் வேறு. நான் பட்டியலிலிருந்து இருவரின் முறையையும் எடுத்தேன், கிழமையை மாற்றினேன், திரையில் காட்டினேன்... திரும்பப் பட்டியலில் வைக்கவே இல்லை. மாறியது நகல் மட்டும்.

ஒவ்வொரு வருடமும் இதை நான் பரீட்சையில் கேட்கிறேன். இரண்டு மார்க் கேள்வி!

"தப்பு என்னுதுங்க" என்றேன். அண்ணன் வெடித்துக் கிடந்த வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வயலில் தண்ணீர் பாய்வதைக் கண்டு வந்து எதிரே நின்ற தேவகி அக்காதான் வாய் திறந்தார்.

"அத அப்புறம் பாத்துக்கலாமுங்க டீச்சர். கிருஷ்ணா, மொதல்ல மடையத் திருப்பு. ஒரு மணி நேரத் தண்ணி என்ற வயலுக்கு வந்துருச்சு. அத அண்ணன் எனக்கு மாறுன சனிக்கிழமையில எடுத்துக்கட்டும்."

தண்ணீர் திரும்பியது. விட்டுப்போன ஒரு வரியை அங்கேயே எழுதிச் சேர்த்தேன். இப்போது ஆப் பட்டியலை மறுபடி படித்துப் பார்த்த பிறகுதான் 'மாற்றப்பட்டது' என்று சொல்லும். இனி அது தவறாது. துணிந்து சொல்கிறேன்.

பயிர் பெரும்பாலும் பிழைத்தது. அன்று தண்ணீர் எட்டாத கடைசி ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் வெளுத்துப் பதராகி நின்றது. போன வாரம் அண்ணன் அதைக் காட்டிச் சிரித்தார்.

"இது உங்க கம்ப்யூட்டர் வெளைய வெச்சதுங்க டீச்சர்."

நானும் சிரித்தேன். ஆனால் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் வேல்யூ டைப் பாடம். வழக்கமான ஸ்லைடுகளைத் தூக்கிவிட்டு அந்தப் பதர்க் கதிர்களைத் திரையில் போட்டு, நடந்ததைச் சொன்னேன். சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் பீரியட் — ஒருத்தர்கூடத் தூங்கவில்லை!