ஆறு வாளித் தண்ணீர்

எங்கள் வீட்டுப் படலையிலிருந்து துறைமுகத் தண்ணீருக்கு முந்நூற்றுப் பத்துக் காலடி. அந்தத் தூரத்தில் எந்த இரும்பும் நிலைப்பதில்லை. யன்னல் கொளுக்கிகளை இதுவரை நான்கு தடவை மாற்றியிருக்கிறேன். முப்பத்தொரு வயதான எங்கள் காரையாவது உப்புக்குக் கொடுப்பதில்லை என்று இருந்தேன். ஞாயிறு தவறாமல் கிணற்றுத் தண்ணீர் ஆறு வாளி: முன்சில்லுகளின் பின்புறம் இரண்டு, நடுத்தரையின் அடியில் இரண்டு, பின்னால் இரண்டு. குந்தியிருந்து, அடிப்பாகத்தில் படும்படி வீசி ஊற்றுவேன். பிறகு ஒயில் கம்பியை இழுத்துத் துடைத்துப் பார்ப்பேன். நான்கு ரயர்களின் காற்றையும் அளப்பேன். எல்லாம் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

கார் மனைவிக்காக. இடுப்பெலும்பு முறிந்து ஆணி வைத்திருக்கிறது. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அவளை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸின் முதற்படி பதினேழு அங்குலம். அவளுடைய கால் ஒன்பதுக்கு மேல் எழும்பாது. ஆட்டோவில் ஒருமுறை போய் வந்தாள். அந்தக் குலுக்கலில் மூன்று நாள் படுக்கையை விட்டு எழும்பவில்லை.

போன திங்கட்கிழமை, கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்க, காரைச் சேவிஸுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் கிண்ணியாக்காரர், பாலம் கடந்து தினமும் வருபவர். பத்தொன்பது வருடமாக இந்தக் காரைப் பார்க்கிறார். காரைக் குழியின் மேல் நிறுத்தி, என்னை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு அவர் கீழே இறங்கினார்.

"ஐயா, பிரேக்க மிதிங்க."

மிதித்தேன். கீழே எதையோ தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். திடீரென்று இடது பக்கத்துக் கால்விரிப்பு மெல்ல எழும்பியது. விலக்கிப் பார்த்தேன். மனைவி பாதம் வைக்கும் இடத்தில், தரையைத் துளைத்துக்கொண்டு திருப்புளியின் நுனி தெரிந்தது.

"எறங்கி வாங்க. அந்தப் பக்கம் கால் வெச்சிராதீங்க."

குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். துரு வெங்காயத் தோல்போல உரிந்து தொங்கியது. கதவுகளில் ஒரு புள்ளி இல்லை. நான் தண்ணீர் ஊற்றிய இடங்களில்தான் அவ்வளவும்.

"என்ன தண்ணியால கழுவுறீங்க?"

"கிணத்துத் தண்ணி. ஞாயிறுக்கு ஞாயிறு."

"அந்தத் தண்ணியில தேத்தண்ணி போடுவீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

எங்கள் கிணறு உவராகி ஐந்து வருடமாகிறது. சமையலுக்குக் குழாய்த் தண்ணீர்தான்.

"உப்புக்குப் பயந்து கடலையே வாளியில அள்ளி அடிச்சிருக்கீங்க, ஐயா."

"ஒட்ட ஏலாதோ?"

"ஒட்டலாம். எதோட ஒட்டுற? பிடிக்க நல்ல இரும்பு வேணுமே. நீங்க தனியாக் கடைக்குப் போறதெண்டா மெல்லமாப் போங்க. அம்மாவ மட்டும் ஏத்த வேணாம்."

வீட்டில் அவள் குசினி வாசலில் கதிரையில் இருந்தாள். சொன்னேன்.

"நான் அப்பவே சொன்னனான், சோத்துக்கே உதவாத தண்ணி எண்டு. நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

ஞாபகம் இருந்தது. 'கார் என்ன, குடிக்கப் போகுதோ?' என்று கேட்டிருந்தேன். பெரிய பகிடி சொன்னதுபோலச் சிரித்தும் இருந்தேன்.

"கிணறு உவரான பிறகு எத்தினை வாளி ஊத்தியிருப்பியள்?"

"ஆயிரத்து ஐந்நூற்று அறுபது."

"அதையும் எண்ணி வைச்சிருக்கிறியள்," என்றாள்.

வியாழக்கிழமை ஆட்டோவில் போனோம். இரண்டு தலையணை கொண்டுபோனேன், ஒன்று இருக்கைக்கு, ஒன்று முதுகுக்கு. ஓட்டுநரிடம் மெதுவாகப் போகும்படி ஐந்து தரம் சொன்னேன். ஆறாந்தரம் அவர் திரும்பிப் பார்த்தார். சந்தியைத் தாண்டும்போது இருபத்தெட்டாவது குலுக்கல். அவள் முன்கம்பியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ. எண்ணாதேங்கோ."

வாய் அசைந்திருக்க வேண்டும். மூடிக்கொண்டேன். ஆனாலும் எண்ணாமல் இருக்க என்னால் ஏலவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அறுபத்துமூன்று. அவளை இறக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வரவும் அதே தெருதான்.