சாமி வலது பக்கம் சாய்ந்த வருஷம்

பெண் பார்க்க வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ஹிமானி பதில் தயாராக வைத்திருந்தாள். தூம் சிங் அவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. கோபேஷ்வரில் அவள் அப்பா வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது வேறு.

"ரௌலேஷ்வர் கோவிலுக்கு நடந்து போயிருக்கியாம்மா?"

"இல்ல."

"இங்கேருந்து அண்ணாந்து பார்த்தா அந்த மலை தெரியுது. புனேயிலேருந்தும் கல்கத்தாவிலேருந்தும் வந்து ஏறுறாங்க. நீ போனதில்ல?"

"பரீட்சை வந்துடுச்சு."

"வருஷா வருஷமா?"

"பரீட்சை வருஷா வருஷம்தான் வரும்."

தூம் சிங் இதை யோசித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார். "எங்க வீட்டுக்கு வந்தா போகலாம். பல்லக்கு எங்க தோள்லதான் போகுது."

"அப்பா சொன்னாரு. நீங்கதான் முன்தண்டு தூக்கறீங்களாமே."

"யாரு தூக்குறா? எங்க சாமி, மகாராஜ், தானா போறாரு. நடுவுல எங்க தோள் இருக்கு, அவ்வளவுதான்."

அவர் மனைவி சைத்தா தேவி அதுவரை பிஸ்கட்டை டீயில் நனைப்பதில்தான் கவனமாக இருந்தாள். "தானா போறவருதான் ஊர் திரும்பினதும் கடுகெண்ணெய் தேய்ச்சு விடச் சொல்லி என் கையை உடைக்கிறாரு" என்றாள்.

"இவ இப்படித்தான் பேசுவா. மனசுல ஒண்ணும் கிடையாது."

"மனசுல இருக்கறதைத்தான் பேசுறேன்."

ஹிமானிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "பல்லக்கு எங்க நிக்கணும், யாரு பக்கம் சாயணும்னு யாரு முடிவு பண்றது?"

"மகாராஜ்தான்."

"உங்ககிட்ட சொல்லுவாரா?"

"என் தோள்கிட்ட சொல்லுவாரு."

சிரிப்பை அடக்க ஹிமானி தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு தூம் சிங் அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார். பையன் ராணுவத்தில், எல்லையில் எங்கோ இருந்தான். அவனுடைய சம்மதத்தை யாரும் பெரிதாகத் தேடியதாகத் தெரியவில்லை.

சிமார்கோட்டுக்கு மருமகளாகப் போன பிறகுதான், மாமனார் எவ்வளவு பெரிய மனிதர் என்பது அவளுக்குப் புரிந்தது. வருஷத்தில் சில நாட்கள் அவர் பெரிய மனிதர். மீதி நாட்களில் அந்தச் சில நாட்களைப் பற்றிப் பேசுகிற மனிதர். மற்ற எந்தத் தொழிலும் அவரிடம் தங்கியதில்லை. ஆப்பிள் மரம் வைத்தார்; காய்க்கும்வரை அவர் கவனித்தார், காய்த்த பிறகு கரடி கவனித்துக்கொண்டது. டில்லிக்குப் பாத்திரம் கழுவப் போனார்; அந்த ஊரில் ஏறுவதற்கு ஒரு மேடுகூட இல்லை என்ற மனக்குறையோடு சீக்கிரமே திரும்பி வந்தார். கோவில் பாதையில் டீக்கடை போட்டார். வருகிறவர்களுக்கு டீ ஊற்றுவதைவிட, அவர்கள் தோல் பெல்ட் கட்டிக்கொண்டு சாமி பார்க்க வருவதைக் கண்டிப்பதில் அதிக நேரம் போனதால், கடை நிற்கவில்லை.

ஆனால் பனி உருகும் பைசாக் மாதம் வந்துவிட்டால் அவரை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. குளிர்காலம் முழுவதும் மேலே கோவில் பனிக்குள் கிடக்கும். மகாராஜ் கீழே சிமார்கோட்டில், ஊராரின் சண்டைகளைக் கேட்டுக்கொண்டு இருப்பார். பனி உருகியதும் வெள்ளி முகத்தைப் பல்லக்கில் வைத்து, பூவும் பட்டும் சுற்றி, மேளமும் எக்காளமும் முழங்க மலைக்குக் கொண்டுபோவார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். வழியில் யாராவது கைகூப்பி எதையாவது கேட்டால், பல்லக்கு பதில் சொல்லும். முன்பக்கம் குனிந்தால் சம்மதம். பின்வாங்கினால் மறுப்பு. யார் பக்கமாவது சாய்ந்தால், அவரிடம் சாமிக்கு ஏதோ பேச்சு இருக்கிறது என்று பொருள்.

இப்படி எத்தனையோ கல்யாணங்கள் முடிவாகியிருக்கின்றன, எத்தனையோ நின்றுபோயிருக்கின்றன. மகாராஜுக்கும் தூம் சிங்குக்கும் எல்லா விஷயத்திலும் ஒரே கருத்து என்பதை ஹிமானி முதல் வருஷமே கவனித்தாள். நல்ல நெய்யில் அர்சா பலகாரம் சுட்டுக் காத்திருக்கும் வீடுகளின் வாசலில் பல்லக்கு நெடுநேரம் ஆடும். தூம் சிங்கோடு பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளைக் கடக்கும்போது சாமிக்குக் காலில் வேகம் வந்துவிடும்.

"உன் மாமாவுக்குத் தித்திப்பு பிடிக்கும். சாமிக்கும் பிடிச்சுப்போச்சு" என்பாள் சைத்தா தேவி.

இரண்டாவது குளிர்காலத்தில் தூம் சிங் குழாயடிப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தார். கேட்டவர்களிடம், யோசித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன் என்றார்.

"பனிக்கட்டி மேல படுத்துக்கிட்டு அப்படி என்ன யோசனை?" என்று மனைவி கேட்டாள்.

அதன் பிறகு அவர் மாடிப்படியில் பின்னோக்கி இறங்க ஆரம்பித்தார். வீட்டில் யாரும் இல்லாதபோது இடது முழங்காலில் துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வார்; ஆள் அரவம் கேட்டால் அவிழ்த்துவிடுவார். ஹிமானி அதிகம் பேசாதவள். அதிகம் பேசாதவர்கள் இருப்பதை வீட்டில் பாதி நேரம் மறந்துவிடுவார்கள். அதனால் அவள் எல்லாவற்றையும் பார்த்தாள்.

முழங்காலை மறைப்பதற்குக் காரணம் இருந்தது. தண்டு சுமப்பவன் தானாக விலக முடியாது. ஊர் நடுவில் யாராவது மகாராஜிடம் கேட்டு, பல்லக்கு குனிந்து விடைகொடுத்தால், பட்டுத் துணி போர்த்தி மரியாதையோடு இறக்குவார்கள். தண்டு அந்த வீட்டிலேயே இருக்கும். மகன் வந்து வாங்கிக்கொள்ளும்வரை காத்திருக்கவும் செய்யும். ஆனால் பல்லக்கோடு போகும்போது முழங்கால் தரையில் பட்டுவிட்டால் கதை முடிந்தது. அந்த இடத்திலேயே தண்டு வேறு வீட்டுக்குப் போய்விடும். பேரன் தலையெடுத்தாலும் திரும்பி வராது.

அப்படிப் போனால் எந்த வீட்டுக்குப் போகும் என்பதிலும் ரகசியமில்லை. பின்தண்டு தூக்கும் கல்யாண் சிங், தூம் சிங்கின் சித்தப்பா மகன், பல வருஷமாக அண்ணனின் பிடரியையே பார்த்துக்கொண்டு மலையேறுகிறவன். மகாராஜின் திருமுகத்தைப் பார்க்க ஊரெல்லாம் கூடும்; கல்யாண் சிங்குக்கு மட்டும் அந்தப் பிடரி.

"இந்த வருஷம் பேசாம மகாராஜ்கிட்ட விடை கேட்டுடுங்களேன்" என்று சைத்தா தேவி சொல்லிப் பார்த்தாள்.

"யாரு கேக்குறது? நானேவா? பதவியை விட்டு இறங்கறேன்னு தானா சொல்ற ஆளை நீ எங்கயாவது பார்த்திருக்கியா?"

சைத்தா தேவி பார்த்ததில்லைதான்.

பல்லக்கு புறப்பட்ட நாளில் தூம் சிங் எல்லாருக்கும் முன்னால் நின்றார். ஹிமானி மற்றப் பெண்களோடு பின்னால் நடந்தாள். ஓடைப் பாலம் வரை ஒன்றும் ஆகவில்லை. பாலத்தைத் தாண்டியதும் பாதை ஓக் மரங்களுக்கிடையே செங்குத்தாகத் திரும்புகிறது. அங்கே பல்லக்கு நின்றது.

மேளக்காரர் இன்னும் வேகமாக அடித்துப் பார்த்தார். எக்காளம் ஊதினார்கள். பல்லக்கு அசையவில்லை. ஊர்த் தலைவர் ஷிவ்சரண் முன்னால் வந்து கைகூப்பினார்.

"மகாராஜ், பிள்ளைங்க மேல என்ன கோபம்? சொன்னாத்தானே தெரியும்!"

பல்லக்கு ஒரு நடுக்கத்தோடு வலது பக்கம் சாய்ந்தது. இடது காலால் நிற்க முடியாதவர் வேறு எந்தப் பக்கம் சாய்வார் என்று ஹிமானிக்கு உடனே விளங்கியது. மற்றவர்களுக்கு வேறு விதமாக விளங்கியது. வலது பக்கம் நின்றிருந்தவர் மளிகைக் கடை மதன் லால். அவர் முகம் வெளுத்தது.

"கோவில் விளக்கு நெய்ல வனஸ்பதி கலந்தது நான்தான் மகாராஜ்! கொஞ்சமாத்தான் கலந்தேன்!"

கூட்டம் ஆவென்றது. இத்தனை வருஷம் அந்த விளக்கு ஏன் அப்படிப் புகைந்தது என்பது தெளிவாயிற்று. இதோடு சாமி சமாதானம் ஆகிவிடுவார் என்று எதிர்பார்த்தார்கள். பல்லக்கு மறுபடியும் வலது பக்கம் சாய்ந்தது. மதன் லாலுக்குப் பின்னால் இரண்டு சகோதரர்கள் நின்றார்கள். வயல் எல்லைக் கல்லை நகர்த்தியது யார் என்று கோர்ட்டு வரை போய்க்கொண்டிருந்த வழக்கு அவர்களுடையது.

"நான்தான் நகர்த்தினேன்" என்றான் பெரியவன்.

"அதை நான் திரும்ப நகர்த்தினேன்" என்றான் சின்னவன். "கூடக் கொஞ்சம் தள்ளியே வெச்சேன்."

இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். புனேயிலிருந்து வந்திருந்த குடும்பம் ஒன்று இதையெல்லாம் செல்போனில் படம் பிடித்தது. அவர்கள் ஊரில் சாமி இவ்வளவு நேராக வேலை செய்வதில்லை போலிருக்கிறது.

இதற்குள் விவரம் தெரிந்த சிலர், மழைக்கு ஒதுங்குவது போல, இடது பக்கம் நகர ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் வலது பக்கம் ஷிவ்சரண் மட்டும்தான் நின்றார். தலைவர் என்பதால் நகர முடியவில்லை. பல்லக்கு அவர் பக்கம் சாய்ந்தது.

"சத்திரத்துக் கூரைத் தகடு..." என்று ஆரம்பித்துத் தொண்டையைச் செருமினார். "எங்க மாட்டுக் கொட்டகை மேல இருக்கு. பத்திரமா இருக்கட்டும்னுதான் போட்டு வெச்சேன்."

"மழையில நனையாம வெச்சிருக்காரு" என்று பெண்கள் பக்கமிருந்து சைத்தா தேவியின் குரல் கேட்டது.

ஹிமானி சிரிக்கவில்லை. அவள் தூம் சிங்கின் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பிடிதளர்ந்த கம்பிபோல் நடுங்கியது. தரைக்கும் முழங்காலுக்கும் இடையே இருந்த தூரம் குறைந்துகொண்டே வந்தது. ஊர் முழுக்கத் தன் பாவங்களில் மூழ்கியிருந்ததால் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. இன்னும் ஒரு பாவி முன்வந்தால் அவர் விழுந்துவிடுவார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து ஊர் நடுவில் வாய் திறக்காதவள், தன் தோளில் கிடந்த கம்பளிப் போர்வையை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி முன்னால் போனாள். பாதையோரத்துத் தட்டைப் பாறைமேல் அதை விரித்தாள்.

"மகாராஜுக்குக் கோபமில்ல. இந்த இடம் பிடிச்சிருக்கு. இங்க கொஞ்சம் உக்காரணும்னு கேக்குறாரு."

"இங்க உக்காரற வழக்கமே இல்லையே ப்வாரி!" என்றார் ஷிவ்சரண். ஊருக்கு வந்த மருமகளை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அவரையே கேளுங்க."

கேட்டார். பல்லக்கு முன்பக்கம் குனிந்தது. அவ்வளவு ஆழமான சம்மதத்தை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை. பாறைமேல் இறக்கி வைத்தார்கள். ஜெய் கோஷம் எழுந்தது. தூம் சிங் பாறைமேல் சாய்ந்து நின்று கண்ணை மூடிக்கொண்டார். பரவசம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

கல்யாண் சிங் மட்டும் தோளைத் தேய்த்துக்கொண்டே ஹிமானியிடம் வந்தான். "பாலத்துலேருந்து முன்பக்கம் எடையே இல்ல ப்வாரி. சாமி முழுசா என் மேல உக்காந்திருந்தாரு."

"அப்ப எல்லார்கிட்டயும் சொல்லிடுங்களேன் சின்ன மாமா."

"என்னன்னு? சாஞ்சது சாமியில்ல, அண்ணனோட முட்டின்னா?" அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்புறம் இந்தத் தண்டு எனக்கு வந்து என்ன பிரயோஜனம்?"

அவன் கெட்டிக்காரன். பல வருஷம் காத்திருந்த பதவியை அது கையில் வருவதற்கு முன்பே ஒன்றுமில்லாததாக்க அவனுக்கு மனம் வரவில்லை. மிச்ச வழியெல்லாம் பாரத்தைப் பின்னுக்கு வாங்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் மலையேறினான்.

அந்தப் பாறையில் இப்போது ஒரு மேடை இருக்கிறது. அதன் மேல் ஒரு சூலம். வருஷா வருஷம் பல்லக்கு அங்கே இறங்குகிறது. மகாராஜ் ஓர் அரக்கனைக் கொன்றுவிட்டு அங்கேதான் இளைப்பாறினார் என்று வழிகாட்டிகள் யாத்திரிகர்களுக்குச் சொல்கிறார்கள். அரக்கனுக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். விளக்கு புகைவதில்லை. சத்திரத்துக்குக் கூரை திரும்பி வந்தது. ஒரு முழங்கால் அந்த ஊருக்குச் செய்த நன்மைகளை, நல்ல கால்களெல்லாம் சேர்ந்தும் செய்ததில்லை.

அந்த வருஷம் கோவில் கதவு திறந்த நாளில், பூஜை முடிந்து கூட்டம் பிரசாதத்துக்குப் போயிருந்தபோது, தூம் சிங் கோவிலுக்குப் பின்புறம் வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். துணிக் கட்டு வெளியே தெரிந்தது. ஹிமானி டீ கொண்டுபோனபோது அவர் அதை அவிழ்க்கவில்லை.

"பார்த்துட்டே இருந்திருக்க" என்றார்.

"ஆமா மாமா."

"எப்பலேருந்து?"

"நீங்க பனிக்கட்டி மேல யோசிச்சதுலேருந்து."

அவர் டீயைக் குடித்து முடித்தார். எதிரே பனிமலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐப்பசியில மகாராஜ் கீழ இறங்கும்போது ஊர் நடுவுல நிப்பாரு. நீ முன்னால வந்து கேக்கணும் ப்வாரி. 'தூம் சிங்குக்கு விடை குடுக்கறீங்களா மகாராஜ்'னு."

"நானா? தலைவர் கேக்கட்டுமே."

"அந்தத் தகடு திருடன் கேட்டு நான் குனியணுமா?"

அவர் நான் என்று சொன்னதை இருவருமே கேட்டார்கள். இருவருமே கேட்காததுபோல் இருந்துகொண்டார்கள்.

"சரி மாமா, கேக்கறேன்" என்றாள் ஹிமானி.

கிளாஸை அவளிடம் நீட்டியவர், அவள் பிடித்த பிறகும் விடவில்லை.

"ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடாத. மூணு தடவை கேளு. முதல் ரெண்டு தடவை மகாராஜ் சம்மதிக்கமாட்டாரு."