மிதிக்க வளர்த்த புல்

எழுபதுகளில் சிங்கப்பூரின் செம்பவாங்கில் இஞ்ஞாசி அண்ணன் புல் வளர்த்தார். புதிய அடுக்குமாடிகளைச் சுற்றிப் பதிக்க, அதை மண்ணோடு பாளம் பாளமாக வெட்டி லாரியில் அனுப்புவார். உரம் கிடையாது, மழைதான் தண்ணீர். புல்லை அமுக்க உருளையும் கிடையாது, அதற்குத்தான் நாங்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் சனத்தையே நிலத்துக்கு அழைத்துவிடுவார். பெரியவர்கள் பாய் விரித்து நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு சாப்பிடுவார்கள். பந்து விளையாடிய எங்களுக்கு முழங்காலெல்லாம் பச்சை. யாராவது ஓரமாக ஒதுங்கி நடந்தால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"நடுவுல நல்லா மிதிங்க லா! அப்பத்தான் தரையோட படரும்!"

எண்பதுகளில் அந்த நிலம் வீடு கட்டப் போய்விட்டது. அண்ணன் குவீன்ஸ்டவுனில் நாங்கள் முன்பே மாறிப்போயிருந்த அடுக்குமாடி பிளாக்குக்கே குடிவந்தார். கீழே விரிந்து கிடந்தது அவர் வளர்த்து அனுப்பிய புல்தான். அதன் நடுவே ஒரு பலகை: 'புல்லை மிதிக்காதீர்.'

அண்ணன் அதை நின்று படித்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தப் பலகையைச் சுற்றிச் சுற்றி அழுத்தி நடந்தார். பிறகு, மாடியிலிருந்து எட்டிப் பார்த்த எங்களை அண்ணாந்து பார்த்துக் கத்தினார்:

"என்ன வேடிக்கை பாக்குறீங்க? இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதானே, எறங்கி வாங்க!"