மாப்பிள்ளை கேட்ட பாயின்ட் டூ டூ

ஊருக்குப் போவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, நானும் என் கணவரும் துபாயில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். பதறாதீர்கள்... இருவரும் இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

ஷார்ஜாவில் நாங்கள் இருக்கும் முவைலாவில் முருங்கைக்காய் கிடைத்தாலே திருவிழா கொண்டாடுகிற குடும்பம் எங்களுடையது. அப்படிப்பட்ட நாங்கள் ரைபிள் பார்க்கப் போனதற்குக் காரணம் ஒரே ஒரு ஆள். என் நாத்தனார் கவிதாவின் கணவர். துறையூரில் மொபைல் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை. மாப்பிள்ளை கேட்டு 'இல்லை' என்று சொல்லும் வழக்கம் என் கணவரின் குடும்பத்தில் இல்லை. பழகியதே இல்லை, பாவம்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இந்த வியாதி தெரியும். லீவுக்கு டிக்கெட் போட்ட செய்தி ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் வர ஆரம்பிக்கும். பெரியப்பாவுக்குக் கோடாலித் தைலம், சித்திக்குப் பால் பவுடர், எதிர்வீட்டுக்காரருக்கு டார்ச் லைட்... எல்லாமே துறையூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கிடைக்கும். ஆனால் ஃப்ளைட்டில் வந்த டார்ச்சில்தான் வெளிச்சம் வரும் என்பது ஐதீகம்.

இந்த முறை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் என் கணவர்தான். வீடியோ காலில் மாப்பிள்ளை, பக்கத்தில் அவருடைய சினேகிதர்கள் நாலைந்து பேர். நம்ம ஆளுக்குக் கூட்டத்தைப் பார்த்ததும் உற்சாகம்.

"இங்க கெடைக்காத பொருளே இல்ல மாப்ள. என்ன வேணும்? கூச்சப்படாம கேளுங்க."

அவர் கூச்சப்படவில்லை.

"அப்ப ஒரு ரைபிள் வாங்கிட்டு வாங்க மச்சான். பெருசெல்லாம் வேணாம். பாயின்ட் டூ டூ போதும், சின்ன காலிபர்தான். வேட்டைக்கும் ஆச்சு, டார்கெட் சுட்டுப் பழகவும் ஆச்சு. வெல கம்மியாவே பாருங்க."

நம் பர்ஸ் மேல் எவ்வளவு அக்கறை!

என் கணவர் ஒரு நொடி முழித்தார். பிறகு சொன்னார் – "பாத்துடலாம் மாப்ள."

இந்தப் 'பாத்துடலாம்' என்ற சொல்லுக்கு ஷார்ஜாவில் ஒரு அர்த்தம்: முடியாது, ஆனால் என் வாயால் சொல்ல வைக்காதே. துறையூரில் வேறு அர்த்தம்: வாங்கியாச்சு, பேக்கிங் நடக்கிறது.

சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். ஆனால் கவிதாவுக்கு அப்போது ஏழாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. வளைகாப்புக்குத்தான் நாங்கள் போவதே. வளைகாப்பு முடிந்ததும் பெரம்பலூரில் இருக்கும் என் மாமியார் வீட்டுக்கு அவளைப் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். முதல் பிரசவம். மாப்பிள்ளை மனசு வைத்து அனுப்ப வேண்டும். சென்ற லீவில் நாங்கள் கொடுத்த வாட்ச், அவருடைய அண்ணனுக்கு யாரோ கொடுத்த வாட்ச்சைவிடச் சின்னதாகப் போய்விட்டது. அந்தப் பொங்கலுக்குக் கவிதாவை அனுப்பவே இல்லை. என் மாமியார் போனில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.

இந்த நிலைமையில் ஒருநாள், துபாய் தேராவில் என் ஆபீசில் இருக்கும்போது கவிதாவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"அண்ணி, துப்பாக்கி வைக்கன்னு ஹால்ல கண்ணாடிப் பொட்டி அடிக்கிறாரு. ஆசாரி வந்து அளவெடுத்துட்டுப் போயிட்டாரு. துப்பாக்கி வரலைன்னா என்னைய அனுப்புவாரான்னு தெரியல அண்ணி. எனக்கு அம்மாகிட்ட போகணும்."

கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்துவிட்டது. எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

வீட்டிலோ, 'ஆராய்ச்சி' ஆரம்பமாகிவிட்டது. அமெரிக்காவில் தொப்பி போட்ட ஒரு தாத்தா ரைபிள் ரைபிளாகச் சுட்டுக் காட்டும் வீடியோக்களை என் கணவர் தினமும் பார்த்தார். "போல்ட் ஆக்‌ஷன்தான் பட்ஜெட்டுக்கு நல்லது. ஒவ்வொரு குண்டுக்கும் கையால இழுத்து விடணும், அவ்ளோதான். தோள்ல உதைக்காது. குண்டும் விலை கம்மி. மிச்சத்துல குறி பாக்க நல்ல ஸ்கோப் மாட்டிடலாம்" என்றார். சப்பாத்திக் கட்டையைத் தோளில் வைத்து ஒரு கண்ணை மூடி ஃப்ரிட்ஜைக் குறி பார்த்தார். அந்த ஃப்ரிட்ஜை வாங்கும்போது இவ்வளவு விசாரித்திருந்தால் அது இன்று ஒழுகாது.

"என்னங்க, லைசன்ஸ்?"

"அதெல்லாம் கடையில கேட்டுக்கலாம்."

கேட்டோம். அதுதான் அந்தச் சனிக்கிழமை.

கடையில் பஷீர் என்ற மலையாளி சேல்ஸ்மேன். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக ரைபிள்கள், டெண்டுகள், பருந்துக்குப் போடும் தோல் தொப்பிகள். என் கணவர் நெஞ்சை நிமிர்த்தி, "பாயின்ட் டூ டூ, பட்ஜெட்ல என்ன இருக்கு?" என்றார்.

"லைசன்ஸ் உண்டோ சாரே?"

"இல்ல..."

"சார் எமிராத்தியோ?"

அந்தப் பெரம்பலூர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இந்த நாட்டுக் குடிமகனா என்று சிரிக்காமல் கேட்டார் பாருங்கள், அந்த மனிதருக்கு என் வணக்கம். எங்களைப் போன்ற விசாக்காரர்களுக்கு ரைபிள் 'மாஃபி', கிடையவே கிடையாது என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு ஆர்வம் தாங்காமல், எதை வேட்டையாடப் போகிறீர்கள் என்று விசாரித்தார்.

"காட்டுப் பன்றி" என்றார் என் கணவர்.

"ஐயோ சாரே! இது முயலுக்கும் தகர டப்பாவுக்கும் உள்ள தோக்கு. இத வெச்சு பன்னியச் சுட்டா பன்னிக்குக் கோபம் வரும். பின்னே பன்னி சாரை வேட்டையாடும்."

இத்தனைக்கும் மாப்பிள்ளையின் மொபைல் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே வனவிலங்கு, பரோட்டாக் கடை வாசலில் படுத்திருக்கும் நாய். காட்டுக்கே போனாலும் நினைத்தபடி சுட முடியுமா? வனத்துறை பிடித்து உள்ளே வைத்துவிடும். ஆக, இங்கே வாங்கக் கூடாது, ஃப்ளைட்டில் கொண்டுபோகக் கூடாது, அங்கே சுடக் கூடாது. மற்றபடி அருமையான திட்டம்!

பஷீரே ஆறுதலும் சொன்னார். "ஆசைக்கு ஷூட்டிங் கிளப்புக்குப் போங்க. இதே பாயின்ட் டூ டூ தருவாங்க. சுட்டுட்டு அங்கயே வெச்சிட்டு வரலாம்."

காரில் ஏறியதும் என் கணவர் மெதுவாக ஆரம்பித்தார். "கார்கோ அனுப்புற அண்ணன் ஒருத்தர் இருக்காரு. பார்ட் பார்ட்டா கழட்டி பால் பவுடர் பெட்டிக்குள்ள..."

"ஏங்க, மூளை இருக்கா? புடிச்சு உள்ள வெச்சா வளைகாப்புக்கு யாரு வருவா? ஜெயில்லருந்து வீடியோ கால் பண்ணுவீங்களா?"

பின் சீட்டிலிருந்து எங்கள் மகள், "அம்மா, இஸ் அப்பா கோயிங் டு ஜெயில்?" என்றாள்.

"நாட் யெட், கண்ணு."

அவர் சிரிக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "கவிதாவ அனுப்பலைன்னா?" என்றார்.  அதற்குமேல் எனக்குத் திட்ட மனசு வரவில்லை. வெறும் கையோடு போய் நின்றால் தங்கச்சிதான் பேச்சு வாங்குவாள் என்ற பயம் அந்த மனுஷனை எந்த முட்டாள்தனத்துக்கும் தள்ளிவிடும் என்று புரிந்தது.

அடுத்த வாரம் கிளப்புக்குப் போனோம். வாங்கத்தான் முடியாது, ஒருமுறை கையிலாவது பிடித்துப் பார்க்க வேண்டுமாம். காதை அடைத்து, கண்ணாடி மாட்டி, முதலில் அவர் சுட்டார். போல்ட் ஆக்‌ஷன், ஸ்கோப், தாத்தா சொன்ன மூச்சுப் பயிற்சி எல்லாம் சரியாகச் செய்தார். டார்கெட் தாள் புதுக் கருக்கு மாறாமல் திரும்பி வந்தது. அதை அப்படியே அடுத்த ஆளுக்குக் கொடுக்கலாம்.

பிறகு நான். அந்தக் கண்ணாடிப் பெட்டியை நினைத்துக்கொண்டேன். வாட்ச்சை நினைத்துக்கொண்டேன். அமுக்கினேன். என் தாளில் நட்ட நடுவே ஒரு கொத்து ஓட்டைகள்.

"வெரி குட், மேடம்!" என்றாள் சொல்லிக்கொடுத்த ஃபிலிப்பினோ பெண். என் கணவர் என்னைவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

அந்த வாரமே, ஆபீஸ் நேரத்தில் எனக்கு ஒரு போன். மாப்பிள்ளை!

"தங்கச்சி... பக்கத்துல மச்சான் இருக்காரா?"

"இல்லண்ணே, நான் ஆபீஸ்ல இருக்கேன். சொல்லுங்க."

"அந்தத் துப்பாக்கி... வேணாம்மா. ஸ்டேஷன் ஏட்டு கடைக்கு ரீசார்ஜ் பண்ண வந்தாரு. 'என்ன தம்பி, துப்பாக்கி வருதாமே'ன்னு சிரிச்சிக்கிட்டே கேட்டாரு. அதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. மச்சான் வாங்கிட்டாரா?"

"நீங்களே அவர்கிட்ட சொல்லலாமேண்ணே?"

"பசங்க முன்னாடி கேட்டுட்டேன்ல... இப்ப வேணாம்னா நல்லாருக்காது. நீயே பாத்து எதாச்சும் பண்ணும்மா. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத."

 அங்கே ஒருவர் எப்படி வேண்டாம் என்பது என்று சாப்பிடாமல் கிடக்கிறார். இங்கே ஒருவர் எப்படி முடியாது என்பது என்று ஜெயிலுக்குத் தயாராகிறார். நடுவில் வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி அம்மாவைப் பார்க்க முடியுமோ முடியாதோ என்று அழுதுகொண்டிருக்கிறாள். இவர்கள் இருவர் கையிலும் நிஜத் துப்பாக்கி வேறு வேண்டுமாம்!

"அண்ணே, வளைகாப்பு முடிஞ்சதும் கவிதாவ அம்மா வீட்டுக்கு அனுப்புவீங்கள்ல?"

"என்னம்மா கேள்வி இது? மொதப் பிரசவம், அனுப்பாம இருப்பனா?"

"அப்ப அத இன்னிக்கே அவகிட்ட உங்க வாயால சொல்லிடுங்க. துப்பாக்கிய நான் பாத்துக்கறேன்."

அன்று சாயந்திரம் கவிதாவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. இந்த முறையும் அழுகைதான், ஆனால் வேறு அழுகை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நானும் கொஞ்சம் அழுதேன். தங்கச்சியை அனுப்புகிறார்கள் என்று தெரிந்ததும் என் கணவரும் கார்கோ அண்ணனை மறந்துவிட்டார்.

கண்ணாடிப் பெட்டி? ஆசாரி அதை முடித்தேவிட்டார். காலியாக வைத்தால் ஊர் சிரிக்குமே... அதற்கும் வழி பிறந்தது. கிளப்பில் கொடுத்த டார்கெட் தாளை ஃப்ரேம் போட்டுக் கொண்டுபோனோம். என் தாளைத்தான்.

"துப்பாக்கிய ஃப்ளைட்ல விட மாட்டேங்கிறாங்க மாப்ள. ஆனா உங்களுக்காகவே அங்க சுட்டுப் பாத்தோம்" என்றார் என் கணவர். அந்தப் 'பாத்தோம்' என்ற பன்மையை நான் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். இன்று அது துறையூரில், தனி லைட்டோடு, கண்ணாடிக்குள் இருக்கிறது. 'மச்சானோட குறி' என்று மாப்பிள்ளை சினேகிதர்களுக்குக் காட்டுகிறார். முதல் தடவை அப்படிக் காட்டியபோது பக்கத்திலிருந்த மச்சான் அடக்கமாகச் சிரித்தார்.

வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு கவிதா எங்கள் காரில் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்திவிட்டு மாப்பிள்ளை ஜன்னலில் குனிந்தார்.

"மச்சான், அங்க பருந்து வளக்கிறாங்களாமே... அடுத்த லீவுக்கு ஒண்ணு கெடைக்குமா?"

என் கணவர் வாயைத் திறந்தார். 'பா...' வரைக்கும் வந்துவிட்டது. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"கெடைக்காது மாப்ள" என்றார்.

அந்தத் தாளில் சுட்டது யார் என்று அவருக்குத் தெரியுமே!