மங்கையின் விரலி மஞ்சள்

ஒரு விரலி மஞ்சளைத் திரையோரம் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, மவுசை மயிரிழை அளவு நகர்த்துகிறார் அலர்மேல்மங்கை. "இன்னும் கொஞ்சம் செவப்பு கீது. போ, போ… நில்லு!" யாரிடம் பேசுகிறார் என்று தேட வேண்டாம். திரையில் தெரியும் தாலிக்கயிற்றிடம்தான்.

சத்தியவேடு பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஸ்டுடியோவில் பத்து வருஷமாகப் படங்களுக்கு நிறம் திருத்துகிறவர். ஸ்ரீசிட்டி தொழிற்சாலை வேலைக்கு மனுப்போடுகிறவர்கள், குவைத்துக்குக் கிளம்புகிறவர்கள் எல்லார் முகமும் இவர் கையைத் தாண்டித்தான் போகிறது. பாஸ்போர்ட் படம் எடுக்கப்போன என்னையும் விடவில்லை. "சார், சட்டை வெள்ளையா, இல்ல வெள்ளைன்னு நெனச்சிக்கினு கீறீங்களா?" வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். நீலம் போட்டுப் போட்டு அது எப்போதோ இளநீலம் ஆகியிருந்தது. மங்கை தன் வீட்டுப் புளிக்குழம்பைப் பார்த்துக்கூட 'கான்ட்ராஸ்ட் பத்தல' என்பாராம்.

மஞ்சளுக்கு ஒரு கதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மண்டபத்து ஃபோகஸ் லைட்டில் எடுத்த கல்யாணப் படங்கள் எல்லாம் மஞ்சளடித்துக் கிடந்தன. மங்கை மஞ்சளை மொத்தமாக இறக்கினார். சுவர் வெளுத்தது, வேட்டி வெளுத்தது, கூடவே தாலிக்கயிறும் வெளுத்துவிட்டது. பெண்ணின் அம்மா கடைக்கு வந்து போட்ட கூச்சலில், பஸ்ஸுக்கு நின்ற கூட்டமே உள்ளே வந்துவிட்டது. "அன்னிக்கி எங்க நைனாகூட என் பக்கம் பேசல சார்" என்று இப்போது சிரிக்கிறார். மறுநாளே, நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மஞ்சளோடு வேலைக்கு வந்தவர்தான்.

இன்றைக்கு வந்திருப்பது வேறொரு கல்யாணத்தின் படங்கள்; அதே மண்டபம், அதே லைட். பெண்ணின் சித்தி கமலம்மா பெஞ்சில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவிக்கிறார். பெண்ணின் அம்மா கன்னியம்மாள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறவர். லீவு கிடைக்கவில்லை. மகள் கல்யாணத்தை அவர் பார்க்கப்போவது இந்த ஆல்பத்தில்தான். அங்கேயே வேலை பார்க்கும் கமலம்மா மூன்று மணி பஸ்ஸில் சென்னைக்குப் போய் விமானம் ஏற வேண்டும்.

"பொண்ண கொஞ்சம் வெளுப்பா ஆக்கிக் குடேன், மங்கா."

"பெத்தவங்க பாக்கணும் சின்னம்மா. இது யார் வூட்டுப் பொண்ணுன்னு அவங்க கேக்கக் கூடாது."

முகத்தை முகமாக்கினார், வேட்டியை வேட்டியாக்கினார். கயிற்றை மட்டும் மவுசால் தனியாக வளைத்துப் பிடித்து, மஞ்சளை வைத்து வைத்துப் பார்த்தார். நாற்பத்தோரு படம். என் படத்தை வாங்க வந்த எனக்குப் பொறுமை கிடையாது. ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை.

இரண்டரைக்குப் படங்கள் ஆல்பத்தில் ஏறின. வாசல் வெயிலில் பிரித்துப் பார்த்த கமலம்மா, "பாகுந்தி மங்கா, பாகுந்தி" என்று தெலுங்கில் மெச்சிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே முகம் மாறியது. "அங்க ட்யூப்லைட்டுல பாத்து, கயிறு வெளுத்துப் பூட்ச்சின்னு அக்கா நெனச்சிக்கினா?"

மங்கை மேஜையிலிருந்த விரலி மஞ்சளை எடுத்து முந்தானையில் துடைத்து, ஆல்பத்தின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து நூலால் கட்டிக் கொடுத்தார்.