ஜலம் விடாத கொடி

அபிராமபுரத்து வீட்டுக் கொல்லையில் நான் கிர்ணிப் பழம் போட்டது தொண்ணூறுகளின் நடுவில். முதல் கோடையில் கொடி நன்றாகத்தான் படர்ந்தது, காய்க்கும் குறைவில்லை. அறுத்தால் பழம் சப்பென்று இருந்தது. என் கணவர் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "இதுக்கு வெள்ளரிக்காயே தேவலை," என்றார். நங்கநல்லூரிலிருந்து வந்திருந்த நாத்தனார் சிரித்தாள். அக்கா சிரித்துவிட்டால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும்.

"அடுத்த வருஷமும் இப்படித்தான்னா கொல்லைக்கு சிமென்ட் போட்டுடறேன். ஸ்கூட்டர் நிறுத்தவாவது ஆகும்."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த வாரமே கொத்தனாரைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டினார்.

அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்தத் துண்டு மண்தான். பீரோ சாவி மாமியாரிடம், டிவி என் கணவரிடம். சமையலறை இருந்ததே என்பீர்கள். அதற்கு ஆளாளுக்கு எஜமானர்கள்.

என் தப்பு பிறகுதான் புரிந்தது. பாசத்தைக் காட்டுகிறேன் பேர்வழி என்று கடைசி நாள் வரை கொடிக்குத் தண்ணீரைக் கொட்டியிருந்தேன். பழம் ஊதியதே தவிர இனிக்கவில்லை. அடுத்த கோடையில் கொடியில் இரண்டே பிஞ்சுகளை விட்டுவிட்டு மீதியைக் கிள்ளி எறிந்தேன். பழம் பருத்து நிறம் மாற ஆரம்பித்ததும் தண்ணீரை அடியோடு நிறுத்தினேன். மதிய வெயிலில் இலைகள் துவண்டு தொங்கின.

"வாடிண்டு நிக்கறது. ஒரு சொம்பு ஜலம் விட மனசு வரலையா நோக்கு?" என்றார் அவர்.

"இப்போ விட்டா சப்புனு போயிடும்னா. பேசாம இருங்கோ."

"ஆமாம், பெரிய விவசாயி."

ஒன்றை அணில் கடித்துவிட்டது. இன்னொன்று, தொட்டதும் காம்பிலிருந்து கழன்று கைக்கு வந்தது. கூடமெல்லாம் வாசனை. அன்று பார்த்து நாத்தனாரும் வந்திருந்தாள். பாதியாக அறுத்து, கத்தி நுனியில் ஒட்டியதை நக்கிப் பார்த்தேன். எனக்கே நம்ப முடியவில்லை, அப்படித் தித்தித்தது. அதற்குள் தெருமுனையில் தண்ணீர் லாரி வந்துவிட்டது. குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது எல்லோரும் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் பழத்தைத் துண்டு போட்டு, கை நிறையச் சர்க்கரையும் ஏலக்காய்ப் பொடியும் கலந்து கொடுத்திருந்தாள். எங்கள் வீடுகளில் கிர்ணி என்றால் அப்படித்தான். ருசி பார்த்துவிட்டா போடுவார்கள்? கை தன்பாட்டுக்குச் சர்க்கரை டப்பாவைத் தேடும்.

"அது சர்க்கரையே வேண்டாத பழம்க்கா," என்றேன்.

"போடி, கிர்ணியை யாராவது வெறுமனே திம்பாளா?" என்றாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

அவர் அடியில் தேங்கிய சாற்றைக் குடித்துவிட்டு, "அக்கா கை பட்டதாலதான் இதைத் திங்க முடிஞ்சுது," என்றார்.

"தோல்ல ஒட்டிண்டிருக்கறதையாவது வழிச்சுப் பாருங்கோ, ஒரே ஒரு வாய்," என்று வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். சமையலறைக்கு ஓடித் தேடினேன். தோலை நாத்தனார் வாசலில் வந்த மாட்டுக்குப் போட்டிருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் கொத்தனார் வந்தார். கொடியைப் பிடுங்கி இடத்தைச் சுத்தம் பண்ணித் தரும்படி என்னிடமே சொன்னார்கள். பிடுங்கினேன்.