கரம்பை போட்ட விண்டர்கிரீன்

விண்டர்கிரீன் என்றால் எங்கள் ஊரில் ஒரு தைலம், அவ்வளவுதான். கொடைக்கானல் போய் வருகிறவர்கள் சாக்லேட்டோடு ஒரு சின்ன பாட்டில் வாங்கி வருவார்கள். முழங்காலில் தேய்த்தால் வீடே மணக்கும்.

அது ஒரு செடி என்று எனக்கும் என் மனைவிக்கும் தெரிந்தது கல்யாணமான புதிதில். நாங்கள் தங்கிய கொடைக்கானல் விடுதியின் மரநிழலில் சாண் உயரம்கூட இல்லாமல் தரையை மூடிப் படர்ந்திருந்தது. பளபளக்கும் இலை; அடியில் சிவப்பாகச் சிறு பழங்கள். தோட்டக்காரர் ஓர் இலையைக் கசக்கி அவளிடம் கொடுத்தார். அவர்கள் பக்கத்தில் இதை அரைத்து மூட்டுவலிக்குக் கட்டுவார்களாம், குளிருக்கு வெந்நீரில் போட்டுக் குடிப்பார்களாம்.

“நம்ம வீட்டு முன்னால இதப் போடணும்ங்க” என்றாள்.

கோவில்பட்டி வெயிலைப் பற்றி நான் ஒரு நகைச்சுவை சொன்னேன். இருபத்திரண்டு வருடம் அதையே வார்த்தை மாற்றிச் சொல்லிவந்தேன்.

போன வருடம் அவளுக்கு வந்த நோய் எலும்பு வரை போய்விட்டது. மாத்திரை செய்யாததைத் தைலம் செய்யாது என்று தெரிந்தேதான் இடுப்பில் தேய்த்துவந்தேன். ஒருநாள் சொன்னாள்: “இது மருந்துக்கடை வாசம். அந்த இலைய ஒருதடவ கசக்கி மோந்து பாக்கணும்.”

கொடைக்கானல் நர்சரி ஒன்றில் சொல்லிவைத்தேன்; மலையிலிருந்து மூன்று கன்றுகள் பார்சலில் வந்தன. கூடவே அவர்கள் அனுப்பிய பொலபொலவென்ற பழுப்பு மண்ணும் ஒரு தாளும்: இந்த மண்ணில் வையுங்கள், நிழலில் வையுங்கள், மழைத்தண்ணீர் ஊற்றுங்கள், வேறெதுவும் சேர்க்காதீர்கள். படித்தவன் என்பதால் இரண்டு முறை படித்தேன். அப்போது ஆடு வளர்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, காப்பித்தூளுலயா செடி வைக்கீங்க? ரெண்டு கூடை கரம்பை கொண்டாரேன், இருங்க.”

“வேற எதுவும் போடக் கூடாதுன்னு தாள்ல போட்டிருக்கு.”

“தாள எழுதுனவன் கரிசலப் பாத்திருக்கானா?”

கண்மாய் வண்டலைத்தான் கரம்பை என்போம். பருத்தி சுணங்கினாலும் மல்லி சுணங்கினாலும் எங்களுக்கு அதுதான் மருந்து. தாளும் கூடையும் எதிரெதிரே நின்றால் இந்தப் பக்கத்தில் கூடைதான் ஜெயிக்கும். போட்டோம்.

எங்கள் வண்டலில் இருக்கும் சுண்ணாம்பு இந்தச் செடிக்கு ஆகாது என்பது இலை மஞ்சளடித்த பிறகுதான் என் மண்டையில் ஏறியது. பிடுங்கிக் கழுவி வேறு தொட்டியில் வைத்தேன். பலிக்கவில்லை.

“பிடிச்சிருச்சா?” என்று கட்டிலிலிருந்து கேட்டாள்.

“பிடிச்சிருச்சு.”

“ஒரு இலை கொண்டாங்க.”

கிள்ளிய இலை சருகாக இருந்தது. கசக்கினால் மண் வாசம்தான் வந்தது. பாட்டிலைத் திறந்து இரண்டு சொட்டு தடவிக் கொண்டுபோனேன்.

நெடுநேரம் மோந்தாள். பிறகு விரலோடு விரலைத் தேய்த்துப் பார்த்தாள்.

“கையில எண்ணெ ஒட்டுதே.”

அவள் விரலை என் துண்டால் துடைத்துவிட்டேன்.

“செத்துருச்சா?”

“கரம்பை போட்டுட்டேன்.”

சிரிக்கத் தொடங்கி, வலித்ததால் பாதியில் நிறுத்தினாள். “கொடைக்கானல் செடிக்குப் போயி யாராச்சும் கரம்பை போடுவாகளா? கூறு வேண்டாம்?”

“மறுபடி வரவழைக்கட்டுமா?”

“வரவழைங்க. அந்தத் தாளு சொல்லுத மாதிரி வைங்க.”

பார்சல் வந்தபோது அவள் போய்ப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. தாளில் சொன்னபடியே வைத்தேன். இதுவரை உயிரோடு இருக்கிறது. இலை பச்சையாகத்தான் இருக்கிறது, கசக்கினால் மணக்கும். நான் கசக்கிப் பார்க்கவில்லை.